வாக்குரிமைப் படம் எடுக்கிறவர்கள் வண்ணாரப்பேட்டைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடிய வரலாற்றைத் தமிழில் படமாக எடுக்க வேண்டும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். எடுக்கட்டும், இதைக் கேட்பதே தாமதம்தான். ஆனால் கட்டுரையில் சிபாரிசு செய்திருக்கும் காட்சிகளைப் பார்த்தால் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. பதாகை பிடித்த ஊர்வலம், குதிரைப் போலீஸ், கண்ணாடி உடைப்பு, சிறையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு ஊட்டுவது. கதையை லண்டனில் வாங்கிவிட்டுப் புடவையை மட்டும் காஞ்சிபுரத்தில் எடுத்த மாதிரி இருக்கிறது.

சென்னையில் ஓட்டு வந்த வழி வேறு. இங்கே சண்டை முழுக்கக் காகிதத்தில் நடந்தது. மனு, தீர்மானம், வரி ரசீது, கடைசியாக வாக்காளர் பட்டியல். இதைப் படமாக்குவது கஷ்டம் என்பது சினிமாவில் கலைப் பிரிவு வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆனாலும் படத்தின் முதுகெலும்பு அந்தப் பட்டியல்தான். அதில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் முப்பது வருஷம் ஏறவில்லை என்று கேட்டால் கேமரா தானாக வடசென்னைப் பக்கம் திரும்பிவிடும். ரவுடி, கஞ்சா, கத்தி தவிர வேறு எதற்கும் எங்கள் பக்கம் வராத தமிழ் சினிமாவுக்கு இது ஒரு நல்ல சாக்கு.

லண்டன் காட்சிகள் அறவே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கு நேர்வழி ஒன்று உண்டு: மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்துக்காரர். 1908-இல் டப்ளினில் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910-இல் டவுனிங் தெருவில் சன்னல் உடைத்த வழக்கில் லண்டன் ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். 1913-இல் அயர்லாந்தின் டல்லமோர் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். 1915-இல் சென்னை வந்து சேர்ந்தார். கணவர் ஜேம்ஸ் கசின்ஸுக்கு அன்னி பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் வேலை. 1932-இல் வேலூர்ப் பெண்கள் சிறையையும் பார்த்தவர். ஆக, லண்டனில் பத்து நிமிஷம், பிறகு கப்பல், பிறகு அடையாறு என்று திரைக்கதை இயல்பாகவே நகரும். அந்தப் பத்து நிமிஷத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊதா, வெள்ளை, பச்சை ஆகிய மூன்று நிறமும் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் தீவிரக் கட்சிக்கு உரியவை. மனுவும் பொதுக்கூட்டமுமாகச் சட்டவழியில் போன பெரிய சங்கத்துக்குச் சிவப்பு, வெள்ளை, பச்சை. காஸ்ட்யூம் பிரிவில் ஒரே துணியைக் கிழித்து எல்லாருக்கும் பட்டை மாட்டிவிட்டால் இரண்டு எதிரெதிர்க் கூடாரங்கள் ஒன்றாகிவிடும்.

இனி நம் ஊர்.

1917 மே 8-ஆம் தேதி அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகு, அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்கச் சென்னைக்கு வருகிறார். பெண்கள் தூதுக்குழு ஒன்று அவரைப் பார்க்க நேரம் கேட்டு எழுதுகிறது. அந்த முதல் கடிதத்தில் இருந்த கோரிக்கை பெண் கல்வி போன்றவைதான். அரசியல் விஷயம் பேசுவோரை மட்டுமே மந்திரி சந்திப்பார் என்று பதில் வருகிறது. அப்படியா, சரி என்று மார்கரெட் கசின்ஸ் உட்கார்ந்து ஓட்டுரிமைக் கோரிக்கையை எழுதிச் சேர்க்கிறார். ‘மக்கள்’ என்ற சொல்லில் பெண்களும் அடக்கம் என்று கொள்ள வேண்டும், பெண் என்பதே தகுதிக்குறைவாகக் கூடாது என்பது அதன் சாரம். 1917 டிசம்பர் 18-இல் சரோஜினி நாயுடு தலைமையில் 14 பெண்கள் மாண்டேகுவைச் சந்திக்கிறார்கள். ஒரு குமாஸ்தா பதிலால் பிறந்த கோரிக்கை என்றுகூடச் சொல்லலாம். இந்தக் காட்சியை வசனமே இல்லாமல் ஒரு டைப்ரைட்டரையும் இரண்டு உறைகளையும் வைத்து எடுத்துவிட முடியும்.

இந்தக் காலகட்டத்தில்தான் கலைப் பிரிவு அதிகமாகச் சறுக்கும். 1917-இல் யாரும் ராட்டை போட்ட மூவர்ணக் கொடி பிடிக்கக் கூடாது. ராட்டைக் கொடி 1921-க்குச் சேர்ந்தது. அப்போது பெசன்ட் அம்மையாரின் ஆட்கள் பிடித்தது, பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கத்தின் கொடி. ஐந்து சிவப்புப் பட்டை, நான்கு பச்சைப் பட்டை, மூலையில் யூனியன் ஜாக், நடுவே சப்தரிஷி மண்டலம்போல ஏழு நட்சத்திரம், இன்னொரு மூலையில் பிறையும் நட்சத்திரமும். யூனியன் ஜாக் இருக்கிறதே என்று எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள், அந்தக் கோரிக்கையின் அளவே அதுதான். அதேபோல இந்தப் பெண்கள் மேல் கதர் வேண்டாம். கதர் பரவியது ஒத்துழையாமைக் காலத்தில். பெசன்ட் அம்மையாருக்கு அந்த அக்டோபரில் எழுபது வயது முடிந்திருந்தது. ஜூனில் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டுச் செப்டம்பரில் விடுதலையாகி, டிசம்பர் கடைசியில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை தாங்கப் போகிறவர். நாற்பது வயது நடிகைக்கு வெள்ளை விக் மாட்டினால் அந்த நடை வராது.

மாண்டேகுவை ராயபுரம் ரயில் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும் என்று எந்த டைரக்டருக்கும் ஆசை வரும். 1856-இல் திறந்த கட்டடம், தூண்கள் வரிசையாக நிற்கும், ஃபிரேமுக்கு அருமை. ஆனால் 1907-க்குப் பிறகு பெரிய வண்டிகளுக்கு சென்ட்ரல்தான் முனையம், 1908-இல் எழும்பூரும் வந்துவிட்டது. ராயபுரத்தை வேறு காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பாரி முனையில் ஷாட் வைப்பவர்கள் இன்றைய டேர் ஹவுஸ் 1940-இல் எழுந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உயர்நீதிமன்றக் கோபுரம் 1892 முதல் இருக்கிறது, தைரியமாகக் காட்டலாம். டிராம் 1895 முதல் 1953 ஏப்ரல் வரை ஓடியது. வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் வந்தது. தெரு தார் ரோடாக இருக்கக் கூடாது. தம்பு செட்டித் தெருவிலும் ஆர்மீனியன் தெருவிலும் எடுப்பதானால் ஞாயிறு விடியலில் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் எடுத்தால் உண்டு, இல்லையென்றால் மேலே தொங்கும் கேபிளையும் ஏசிப் பெட்டியையும் கிராஃபிக்ஸில் அழிக்கும் செலவு செட் போடும் செலவைத் தாண்டிவிடும்.

1918–19-இல், யாருக்கு ஓட்டு என்று ஆராய வந்த சவுத்பரோ கமிட்டி நாடு சுற்றிவிட்டு, பெண்களுக்கு ஓட்டு கொடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று எழுதிவிட்டது. சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட், பம்பாயின் ஹீராபாய் டாடா, அவர் மகள் மிதன் எல்லாரும் 1919-இல் லண்டனுக்கே போய் வாதாடினார்கள். பாராளுமன்றம் நழுவிக்கொண்டது. அந்தந்த மாகாணச் சட்டசபை வேண்டுமானால் தடையை நீக்கிக்கொள்ளட்டும் என்று 1919-ஆம் வருஷச் சட்டத்தில் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தார்கள்.

அந்த இடுக்கில் முதலில் காலை வைத்தது சென்னை. 1921 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. திவான் பகதூர் எம். கிருஷ்ணன் நாயர் கொண்டுவந்த தீர்மானம் கோட்டைக்குள் இருந்த சட்டசபை மண்டபத்தில் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். படத்தின் நடுவில் வரப்போகும் பெரிய காட்சி இது என்பதால், என்னென்ன தப்பாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதல் தப்பு, சபையின் தலைவர். அவர் பெயர் சர் பி. ராஜகோபாலாச்சாரி, பெருங்காவூர்க்காரர். திரைக்கதையில் ‘ராஜகோபாலாச்சாரி’ என்று பார்த்ததும் காஸ்டிங் ஆள் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியும் கொடுத்து ராஜாஜியை உட்கார வைத்துவிடுவார். ராஜாஜி அப்போது சபைக்கு வெளியே ஒத்துழையாமை நடத்திக்கொண்டிருந்தார், அந்த டிசம்பரில் சிறைக்கும் போனார். இரண்டாவது, முதல் மந்திரி. எல்லாரும் பனகல் அரசர் என்பார்கள். ஏப்ரலில் அந்த நாற்காலியில் இருந்தவர் கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார்; பனகல் அரசர் அந்த இடத்துக்கு வந்தது ஜூலையில். மூன்றாவது, காந்தி குல்லாய். 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது, சபையில் அந்தக் கட்சி வரிசையே கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர், அத்தனை பேரும் ஆண்கள். தலைப்பாகை, கோட்டு, அங்கவஸ்திரம், சில திருநீறு, சில நாமம், சில துருக்கித் தொப்பி. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. படத்துக்காகத் தமிழில் பேசுவதைக் குறை சொல்ல மாட்டோம், ஆனால் மைக் வைத்துப் பேசக் கூடாது. சுவரில் ஐந்தாம் ஜார்ஜ் படம் இருக்கட்டும்.

இந்தக் காட்சியில் யாருமே பெருமையாகச் சொல்லாத ஒன்று உண்டு. பிரிட்டனில் 1918-இல் கிடைத்த ஓட்டு 30 வயது தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்குத்தான்; ஆணுக்கு 21. இருவருக்கும் 21 என்றானது 1928-இல். சென்னையில் 1921-இல் நீக்கியது பெண் என்ற தடையை. ஆணுக்கு என்ன வயது, என்ன தகுதியோ அதுவே பெண்ணுக்கும் என்று ஆயிற்று. அந்த ஒரு விஷயத்தில் சென்னைப் பெண் லண்டன் பெண்ணைவிட ஏழு வருஷம் முந்தினாள்.

கைதட்டல் இங்கே வரும். உடனே அடுத்த காட்சியில் நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் ஆணுக்கு இருந்த தகுதி என்ன? நிலத்தீர்வை, நகராட்சி வரி, வருமான வரி இவற்றில் ஒன்று. பெண்ணுக்கும் அதே. 1921-இல் தன் பெயரில் வரி ரசீது வைத்திருந்த பெண் யார்? ஜமீன் வீட்டு அம்மாள், புருஷன் செத்து வீடு பெயருக்கு வந்த விதவை, சம்பாதிக்கும் டாக்டர். இவர்களோடு தேவதாசிகளையும் சேர்க்க வேண்டும். சொந்தப் பெயரில் சொத்து வைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். கல்யாணமான ‘குடும்பப் பெண்’ணுக்கு எட்டாத தகுதி, சமூகம் ஒதுக்கி வைத்த பெண்ணுக்கு எட்டியது. இதை எழுதத் தைரியம் உள்ள வசனகர்த்தாவுக்கு ஒரு முழுக் காட்சியே காத்திருக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்களே, அது ஓட்டுக் கதையின் கிளை என்றே நாங்கள் படிக்கிறோம்.

இப்போது கேமரா வால்டாக்ஸ் ரோடு வழியாகப் பேசின் பிரிட்ஜ் தாண்டட்டும். பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் ஓடிக்கொண்டிருந்தன. 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியா தலைவராக இங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா யார்? அடையாறு பிரம்மஞான சபைக்காரர், பெசன்ட் அம்மையாரின் ஆள். மாதர் சங்கம் தோன்றிய அதே அடையாறு. இரண்டு கதைக்கும் இதைவிட நல்ல முடிச்சு வேண்டாம். 1921 ஏப்ரலில் கோட்டையில் தீர்மானம். ஜூனில் ஆலையில் வேலைநிறுத்தம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளர்களுக்குள்ளேயே சாதிப் பிளவு ரத்தமாக ஓடியது, தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா ஒரு பக்கமும் தொழிற்சங்கத் தலைவர் திரு.வி.க. மறுபக்கமும் நின்ற கசப்பான மாதங்கள் அவை. ஆகஸ்ட் 29-இல் துப்பாக்கிச் சூடு. கோட்டைக்கும் புளியந்தோப்புக்கும் ஐந்து கிலோமீட்டர் இருக்குமா? அதற்குள் ஒரு பெண்ணுக்கு ஓட்டு வந்துவிட்டது, இன்னொருத்திக்குக் கூரை போய்விட்டது. எரிந்த குடிசையின் மண்சுவரைக் காட்டினாலே போதும், அதற்கு வரி ரசீது கிடையாது என்று பார்ப்பவருக்கே விளங்கும். தயவு செய்து அந்த இடத்தில் பின்னணிப் பாட்டு வேண்டாம்.

அடுத்த பதினைந்து வருஷத்தைப் படம் வேகமாகக் கடக்கலாம். 1923-இல் பெண்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். 1926-இல் போட்டியிடவும் வழி வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூரில் நின்று மயிரிழையில் தோற்றார். மங்களூர் அப்போது சென்னை மாகாணம், ‘கர்நாடகா’ என்று எழுத்துப் போட்டுவிடாதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக வந்து 1927-இல் துணைத் தலைவரானார். அவர் வாழ்க்கை தனிப் படத்துக்கு உரியது. இதில் அரைமணி நேரம் ஒதுக்கினால் மற்றவை நசுங்கும்.

1937 மட்டும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டிய இடம். 1935 சட்டத்தில் தகுதியுள்ள ஆணின் மனைவிக்கும் விதவைக்கும், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கும் ஓட்டு வந்தது. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு. ருக்மிணி லட்சுமிபதி வென்று துணை சபாநாயகர் ஆனார். எழும்பூர் மார்ஷல்ஸ் ரோடுக்குப் பிறகு வைத்த பெயர் அவருடையதுதான். அந்தத் தேர்தலில் கட்சிக்கு ஒரு நிறப் பெட்டி. முஸ்லிம் லீகுக்குப் பச்சை, காங்கிரஸுக்கு மஞ்சள். மஞ்சள் பெட்டி என்றால் தாலிக்கயிறும் பூசுமஞ்சளும் புழங்கும் வீட்டில் எப்படிக் கேட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இந்த விஷயமே போய்விடும், அதற்காகவாவது கலரில் எடுங்கள்.

உண்மையான உச்சக்கட்டம் 1952 ஜனவரி. சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், புருஷன் வேண்டாம். 21 வயது போதும். (18 ஆனது 1989-இல்தான். கல்லூரிப் பெண்கள் வரிசையில் நிற்கும் ஷாட்டில் பதினெட்டு வயது முகங்களைத் தவிருங்கள்.) புளியந்தோப்புக் குடிசைக்காரி முதன்முதலில் பட்டியலில் ஏறுவது இந்தத் தேர்தலுக்காகத்தான்.

பட்டியல் எடுக்கும் காட்சியில் நகைச்சுவையும் வலியும் தானாகவே இருக்கின்றன. வாசலில் நின்று குமாஸ்தா கேட்கிறார்.

“பேரு?”

“முனியம்மா.”

“புருஷன் பேரு?”

அவள் வாயைத் திறக்க மாட்டாள். கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். “திருத்தணியில மலை மேல கீறாரே, அந்தச் சாமி பேருதான்” என்பாள். முருகனா, சுப்பிரமணியா, தணிகாசலமா? குமாஸ்தா ஒன்றை எழுதிக்கொண்டு போவார். தேர்தலன்று பெயர் ஒத்துப் போகாது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து “தணிகாசலம்பா, எழுதிக்கோ” என்று சொன்னால்தான் பிழைத்தாள்.

வட மாநிலங்களில் சிக்கல் இதற்கு நேர்மாறு. அங்கே பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே பதிந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட சுமார் 28 லட்சம் பெயர்களைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் நீக்க வேண்டி வந்தது. பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்துக் கதை அது. உருக்கமாக இருக்கிறதே என்று வண்ணாரப்பேட்டைக்கு இறக்குமதி செய்தால் பொய்யாகும். நமக்கு நம் திருத்தணி இருக்கிறது.

சாவடிக் காட்சிக்கு வருவோம். இன்று உயிரோடு இருக்கும் பலருக்கு முத்திரை குத்திய சீட்டு நினைவிருக்கிறது, அதனால் 1952-க்கும் அதையே வைத்துவிடுகிறார்கள். அந்த முத்திரை 1960-களில் வந்தது. 1952-இல் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சீட்டு ஒரு ரூபாய் நோட்டு அளவு, நாசிக்கில் அச்சானது, அதில் வேட்பாளர் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. சின்னம் இருந்தது பெட்டி மேல். வாக்காளர் மறைப்புக்குப் பின்னால் போய், தான் விரும்பும் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். பேனா, பென்சில், மை எதுவும் உள்ளே இல்லை. லோக்சபைக்கு ஒருமுறை, சட்டசபைக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை. இரட்டை உறுப்பினர் தொகுதி என்றால் இரண்டு சீட்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் செல்லாது. சென்னை மாநிலத்தில் 309 தொகுதிகளில் 66 அப்படி இருந்தவை, மொத்தம் 375 இடங்கள்.

ப்ராப்பர்ட்டி கணக்கு இப்படி வரும். லோக்சபைக்கு 5 பேர், சட்டசபைக்கு 6 பேர் என்று எழுதினால் ஒரு சாவடிக்கு 11 பெட்டி. பெண்களுக்குத் தனிச் சாவடி காட்டினால் 22. நாடு முழுக்க 1,96,084 சாவடிகளில் 27,527 பெண்களுக்கென்றே இருந்தன என்பதால் காட்டுவது நியாயமே. நிரம்பிய பெட்டியை மாற்றும் ஷாட் வேண்டுமானால் உபரி ஆறு. ஆக 28. தகரப் பட்டறையில் கொடுத்தால் ஒரு வாரத்தில் அடித்துத் தருவார்கள், ஆனால் மாதிரியைக் கையில் கொடுக்காமல் ‘பழைய ஓட்டுப் பெட்டி’ என்று சொன்னால் மேலே நாதாங்கி வைத்துத் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டுவிடுவார்கள். கோத்ரேஜ் விக்ரோலி ஆலையில் செய்த பெட்டியில் பூட்டு வெளியே தெரியாது, மூடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நிறம் மங்கிய பச்சை. புதுப் பெயின்ட் பளபளப்பு லைட்டில் அடிக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மூலைகளில் உப்புத்தாள் தேய்த்தால் சரியாகும். சீட்டுப் போடும் வாயை அகலமாக வெட்டாதீர்கள். மடித்த ஒரு ரூபாய் நோட்டு நுழையும் இடுக்கு போதும், நடிகையின் விரல் தடவித் தேடுவதற்கும் அதுதான் உதவும்.

சின்னம் ஒட்டுவதில் கவனம். காங்கிரஸுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள். வண்ணாரப்பேட்டையில் அந்தத் தேர்தலில் ஜெயித்தது ஜீவா. சோஷலிஸ்டுக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. உதயசூரியன் ஒட்டக் கூடாது. தி.மு.க. 1949-இல் பிறந்ததே ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் என்றாலும் 1952-இல் போட்டியிடவில்லை. கொடி சுவரில் இருக்கலாம், பெட்டியில் இருக்கக் கூடாது. விரல் மை இருந்தது. ஆனால் நகத்தின் மேலிருந்து கீழாகக் கோடு இழுப்பது 2006-க்குப் பிந்தைய வழக்கம். க்ளோசப்பில் அந்தக் கோடு தெரிந்தால் படம் முழுக்கப் போட்ட உழைப்பும் வீண்.

இந்தப் பெட்டி முறையில் ஓட்டை இருந்தது, அது படத்துக்கு லாபம். பெட்டிகள் மறைப்புக்குப் பின்னால் தனியே நின்றதால், சீட்டைப் போடாமல் முந்தானையில் முடிந்து வெளியே கொண்டுவந்து விற்கலாம். வாங்கினவன் கட்டாக உள்ளே கொண்டுபோய்ப் போடலாம். முறை மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். வில்லனுக்கு வேறு துப்பாக்கி தேவையில்லை.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 1952 வண்ணாரப்பேட்டையில் தமிழோடு தெலுங்கும் உருதுவும் ஒரே குழாயடியில் புழங்கின. இன்றைய கானாப் படங்களின் ‘மச்சி’யை அந்தக் கிழவி வாயில் திணிக்காமல், ஒரு தெலுங்குக்காரியையும் ஒரு உருதுக்காரியையும் வரிசையில் நிறுத்தினாலே ஊர் வந்துவிடும்.

அன்றைக்குச் சில ஊர்களில் பெட்டியைச் சாமியாக நினைத்துக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். சிலர் இடுக்குத் தெரியாமல் சீட்டைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டு வந்தார்கள். எண்ணும்போது சில பெட்டிகளுக்குள் காசும், வேட்பாளரைத் திட்டிய துண்டுச் சீட்டும், சினிமா நட்சத்திரங்களின் படமும் கிடந்தன. அந்தப் படம் யாருடையது என்பதை டைரக்டர் முடிவு செய்துகொள்ளட்டும். 1952-க்குப் பொருத்தமான ஆளாக மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வாசகர்கள் சிலர்,
வடசென்னை.